கெர்மிட் அப்படிச் செய்ய மாட்டான்

2011 நவம்பர். ஆன்சைட் என்று நியூஜெர்சிக்குப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குப் போக இடமில்லாமல் அறையில் கிடந்த என்னை, டீமில் இருந்த நாற்பத்தைந்து வயது அமெரிக்கர் ஒருவர் பரிதாபப்பட்டுத் தன் மகளோடு சினிமாவுக்கு அழைத்துப் போனார். படம் ‘தி மப்பெட்ஸ்’. போகும் வழியில் எனக்கு அரைமணி நேர வகுப்பு. கெர்மிட் என்ற தவளை, மிஸ் பிக்கி என்ற பன்றி, ஃபோஸி என்ற கரடி. எல்லாம் கையை உள்ளே விட்டு ஆட்டும் துணிப் பொம்மைகள். அவர் சிறுவனாக இருந்தபோது, 1976 முதல் 1981 வரை ‘தி மப்பெட் ஷோ’ வந்திருக்கிறது. தன் பால்யத்தில் பாதி அதுதான் என்றார்.

படத்தில் தவளையும் பன்றியும் சேர்ந்து அந்த வானவில் பாட்டைப் பாடியபோது பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் டெப்ளாய்மென்ட் நள்ளிரவில் மூன்று முறை தோற்றபோதும் முகம் மாறாத மனுஷன், அழுதுகொண்டிருந்தார். அவர் மட்டுமில்லை, எங்கள் வரிசையிலேயே நாலைந்து பேர். ஒன்பது வயது மகள் பாப்கார்ன் தின்றபடி அப்பாவை வேடிக்கை பார்த்தாள்.

திரும்பும்போது காரில் அதே மனிதர் கொதித்தார். காரணம் ஃபோஸியின் ஷூ. படத்தில் கரடி, அடி வைத்தால் குசு விடும் ஷூ ஒன்றைப் போட்டுக்கொண்டு வருகிறது. நான் சிரித்தேன். மகள் படத்திலேயே அதிகம் சிரித்தது அந்த இடத்தில்தான். அவருக்கு ஆறவில்லை. ஃபோஸி மோசமான ஜோக் சொல்பவன்தான், யாரும் சிரிக்காததுதான் அவன் சோகம், ஆனால் மலிவான ஜோக் சொல்பவன் இல்லை. “ஃபோஸி அதைச் செய்ய மாட்டான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஏதோ கூடப் பிறந்த தம்பியைப் பற்றி ஊரில் யாரோ வதந்தி கிளப்பிவிட்ட மாதிரி.

அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இல்லாத ஒரு கரடி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று இவர் எப்படிச் சொல்கிறார்? திரையில் செய்துவிட்டதே, அப்புறம் என்ன ‘செய்ய மாட்டான்’?

அப்புறம்தான் தெரிந்தது, அவர் தனியாள் இல்லை. மிஸ் பிக்கியையும் ஃபோஸியையும் பல வருடங்கள் ஆட்டிய ஃப்ராங்க் ஓஸ், இந்தப் படத்தின் திரைக்கதை பிடிக்கவில்லை, பாத்திரங்களை அது மதிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். அந்த ஷூவைப் பற்றிப் பழைய கலைஞர்கள் சிலர் முணுமுணுப்பதாகப் படம் வரும் முன்பே ஹாலிவுட் பத்திரிகைகள் எழுதியிருந்தன. இத்தனைக்கும் படத்தை எழுதி நடித்த ஜேசன் சீகல், சும்மா சம்பளத்துக்கு வேலை செய்தவர் இல்லை. அவரே முற்றிய ரசிகர். கதையே ரசிகனின் கதைதான். வால்டர் என்ற ஒரு பொம்மைப் பையன், மப்பெட் பைத்தியம். சிதறிப்போன பழைய குழுவைத் தேடிப் பிடித்து மறுபடி மேடையேற்றுகிறான், கடைசியில் அந்தக் குழுவிலேயே ஒருவன் ஆகிறான். ரசிகனுடைய ஆசையை இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது. ரசிகர்கள் படத்தைக் கொண்டாடவும் செய்தார்கள். சுமார் 4.5 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 16 கோடிக்கும் மேல் வசூலித்தது, ஒரு பாட்டுக்கு ஆஸ்கரும் கிடைத்தது. ஆக, ஒரு ரசிகர் எடுத்த படத்தைப் பார்த்து இன்னொரு ரசிகர் அழுகிறார், அழுத கையோடு ‘இது அவன் இல்லை’ என்கிறார்.

‘அவன்’ என்றால் எவன்?

இந்தக் கேள்விக்கு கெர்மிட்டைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1955இல், வாஷிங்டனில் ஒரு உள்ளூர்த் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக, பதினெட்டு வயது ஜிம் ஹென்சன் தன் அம்மாவின் பழைய பச்சைக் கோட்டை வெட்டி அந்தப் பொம்மையைத் தைத்தார். பிங்பாங் பந்தைப் பாதியாக நறுக்கிக் கண்கள். அப்போது அது தவளைகூட இல்லை, பல்லி மாதிரி ஏதோ ஒன்று. தவளையானது பல வருடம் கழித்து. அந்த முதல் பொம்மை இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாம் பார்க்கும் கெர்மிட்டின் துணி வேறு. 1990 மே 16 அன்று ஹென்சன் 53 வயதில் நிமோனியாவில் இறந்ததோடு கையும் குரலும் போயின. அந்த ஆண்டு நவம்பரில் அவருக்கான அஞ்சலி நிகழ்ச்சியின் கடைசியில் கெர்மிட் வந்தான். உள்ளே இருந்தது ஸ்டீவ் விட்மையரின் கை. 2004இல் உரிமையாளரும் மாறினார், டிஸ்னி வாங்கிவிட்டது. துணி, கை, குரல், முதலாளி எல்லாம் மாறியாயிற்று. மிச்சம் என்ன?

மன்னிக்கவும், தொழில் புத்தி. எங்கள் வேலையில் இருபது வருடப் பழைய மென்பொருள் ஒன்று கைக்கு வரும். எழுதியவர் இருக்க மாட்டார், டாகுமென்ட் இருக்காது. அது என்ன செய்ய வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்காது. ஆனால் ஒன்றை மாற்றினால் உடனே எங்கிருந்தோ ஒரு பழைய வாடிக்கையாளர் கூப்பிட்டு, “அது அப்படிச் செய்யாதே!” என்பார். அந்த மென்பொருளின் வரையறை அவர் தலைக்குள்தான் இருக்கிறது. கெர்மிட்டும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. அவன் இன்னது செய்வான் என்ற பட்டியல் கிடையாது. புதிதாக எது வேண்டுமானாலும் செய்யலாம். செய்ய மாட்டாதவை சில உண்டு, அவற்றின் வழியாகத்தான் அவனை நமக்கு அடையாளம் தெரிகிறது. மனிதர்களுக்கும் பெரும்பாலும் இதுதானே கதை?

2017இல் இந்த விவகாரம் முற்றி வெளியே வந்தது. 27 வருடம் கெர்மிட்டாக இருந்த விட்மையரை நீக்கிவிட்டார்கள், மேட் வோகல் வந்தார். அவர் தொழிலில் நடந்துகொண்ட விதம் சரியில்லை என்றது நிறுவனம். ஹென்சனின் பிள்ளைகளும் மாற்றத்தை ஆதரித்தார்கள். விட்மையர் சொன்னது வேறு. 2015இல் வந்த புதிய தொலைக்காட்சித் தொடரில், மிஸ் பிக்கியோடு உறவு முறிந்ததைத் தன் குட்டி மருமகன் ராபினிடம் சொல்லாமல் கெர்மிட் பொய் சொல்வதாக ஒரு காட்சி. கெர்மிட் அந்தக் குழந்தையிடம் பொய் சொல்ல மாட்டான், உண்மையைப் பக்குவமாகச் சொல்லும் அளவுக்கு இரக்கம் உள்ளவன் என்று இவர் வாதாடியிருக்கிறார். இப்படி அடிக்கடி குறுக்கே நின்றதும் தன்னை நீக்கக் காரணம் என்றார்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த ராபின் உதாரணம் என்னை விடவில்லை. குழந்தைகள் பார்க்கும் தவளை, ஒரு குழந்தையிடம் ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று பொய் சொல்லலாமா என்பது பொம்மையைப் பற்றிய கேள்வியா என்ன? அதே சமயம் இன்னொன்றும் உறுத்தியது. விட்மையருக்காக அப்போது கொதித்த ரசிகர்களில் பலர் எண்பதுகளின் நடுவில் பிறந்தவர்கள். 1992இன் ‘மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல்’ படத்தில் அவர்கள் பார்த்த கெர்மிட் விட்மையருடைய கெர்மிட். அவர்களுடைய அண்ணன்களுக்கு அது போலி. இவர்களுக்கு அதுதான் அசல், வோகல் போலி. இன்று ஐந்து வயதில் இருக்கும் குழந்தை இருபது வருடம் கழித்து வோகலுக்காக அழும். ஆளாளுக்குத் தன் பத்து வயதில் ஒரு கோடு கிழித்து, அந்தக் கோட்டுக்கு ‘உண்மை’ என்று பேர் வைத்துக்கொள்கிறோம். பல்லியாக இருந்த கெர்மிட்டுக்காக யாரும் கொடி பிடிக்கவில்லை.

இப்படி ரசிகர்களை நக்கலடித்து இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். என்னால் முடியாததற்குக் காரணம் என் தாத்தா.

அந்தப் படம் பார்த்ததற்கு அடுத்த வருடம் ஊரில் தாத்தாவின் ஒன்றரை ஏக்கர் வயலை விற்கும் பேச்சு வந்தது. அவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. சித்தப்பாவுக்குப் பணமுடை. “அப்பா இருந்திருந்தா அவரே வித்துக் கொடுத்திருப்பாரு, புள்ளையவிட வயலா பெருசு?” என்றார். தாத்தா மாதிரியே கொஞ்சம் இழுத்து, நடுவில் ஒரு இருமல் வைத்துச் சொன்னாராம். தாத்தாவை அப்படியே பேசிக் காட்டுவதில் சித்தப்பாவை மிஞ்ச ஆளில்லை, சின்ன வயதில் நாங்களே கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. “ஏண்டா, செத்தவர் வாயில கைய விட்டு ஆட்டாத” என்றாராம் அத்தை. விற்றால் அத்தைக்கும் பங்கு வரும். இருந்தும் அப்படிச் சொன்னார்.

நான் நியூஜெர்சியில் இருந்து ஃபோன் போட்டேன். எனக்கு அந்த வயல் என்றால் பம்ப்செட் தொட்டி, ஏப்ரல் மே லீவு, தாத்தா துண்டில் கட்டிக்கொண்டு வரும் வெள்ளரிப் பிஞ்சு. அப்பாவிடம் ரொம்ப உறுதியாகச் சொன்னேன்: “தாத்தா இருந்தா விக்க விட்டிருக்கவே மாட்டார்.”

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “சரிப்பா. நீ வந்து பாத்துக்கறியா?”

நான் போகவில்லை. வயல் போய்விட்டது.

காரில் அந்த அமெரிக்கர் சொன்ன வாக்கியமும், விட்மையர் சொன்னதும், சித்தப்பாவும் அத்தையும் நானும் சொன்னதும் இலக்கணப்படி ஒரே வாக்கியம்தான். பேச முடியாத ஒருவரின் சார்பாக, அவர் இன்னது செய்வார், செய்ய மாட்டார் என்று சத்தியம் செய்வது. பொய்யா என்றால் பொய்யில்லை, ஆறு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு நிச்சயமாக ஏதோ தெரியும். ஆனால் சரிபார்க்க வழியில்லாத வாக்கியத்தில் யார் வேண்டுமானாலும் ஏறிச் சவாரி செய்யலாம். சொல்கிறவருக்கு அதனால் லாபமா நட்டமா என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும் என்று கொஞ்சநாள் நினைத்தேன். அத்தை நட்டப்படத் தயாராக இருந்தார், ஆகவே அவர் பேச்சில் தாத்தா இருந்தார் என்று. ஆனால் விட்மையரிடம் இந்தக் கணக்கு இடறுகிறது. பேசியதால் வேலை போனது, நட்டம்தான். ஆனால் ‘கெர்மிட்டை என்னைவிட யாருக்கும் தெரியாது’ என்பது அவர் வேலையைக் காக்கும் வாதமும்கூட. என்னிடமோ கணக்கு முழுசாகவே கவிழ்கிறது. வயலை வைத்திருந்தால் எனக்குக் காசு லாபம் எதுவுமில்லை, ஆனாலும் நான் சொன்னதில் தாத்தா இல்லை. பத்து வயதுப் பையன் ஒருவன்தான் இருந்தான். அவனுக்கு யாராவது அந்தத் தொட்டியைத் தண்ணீரோடு அப்படியே வைத்திருக்க வேண்டும், அதற்கு உரமும் வட்டியும் வேறு யாராவது கட்ட வேண்டும்.

மப்பெட் ஆட்டுகிறவர்கள் வேலை செய்யும் படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி மணிக்கணக்கில் நிற்க வேண்டும். வலது கை பொம்மையின் தலைக்குள், இடது கையில் பொம்மையின் கரத்தை அசைக்கும் கம்பி. கண் மட்டும் கீழே இருக்கும் மானிட்டரில். நம் கண்ணுக்கு கெர்மிட் மட்டும் தெரிய, கீழே ஒருவர் தோள் கடுக்க நிற்கிறார். ஹென்சன் போன பிறகு யாராவது ஒருவர் அங்கே போய் நின்றால்தான் கெர்மிட் உண்டு. நிற்காவிட்டால் அருங்காட்சியகத்தில் ஒரு பச்சைக் கோட் துணி, அவ்வளவுதான். நின்றவரிடம், பாப்கார்ன் தின்றபடி உட்கார்ந்து, ‘அவன் அப்படிச் செய்ய மாட்டான்’ என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா?

உண்டு என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். அந்த நண்பர் அழுதது நடிப்பில்லை. அவரை மாதிரி ஆட்கள் காவலுக்கு இல்லாவிட்டால், சரக்கு விற்க வேண்டியவர்கள் கெர்மிட்டை எது வேண்டுமானாலும் சொல்ல வைத்துவிடுவார்கள். ஆனால் அப்படிச் சொன்ன வாயோடு அப்பாவின் கேள்வியையும் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஷூவுக்குச் சிரித்த ஒன்பது வயதுக்காரிக்கு ஃபோஸி அன்றைக்குத்தான் பிறந்தான். அவளிடம் போய் ‘நீ பார்த்தது ஃபோஸியே இல்லை’ என்று சொல்வதில் ஒரு சின்னக் கொடுமை இருக்கிறது. அவள் அப்பா காரில் நாற்பது நிமிடம் அதைத்தான் செய்தார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

போன வருடம் தாத்தாவின் திதிக்கு ஊருக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் திண்ணையில் சாய்ந்திருந்தார்கள். சித்தப்பாவின் பேரன் தாத்தாவைப் பார்த்ததே இல்லை, அவர் எப்படிப் பேசுவார் என்று கேட்டான். சித்தப்பா அத்தையை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். தஞ்சாவூர் பஸ்ஸை விட்டுவிட்டு தாத்தா கண்டக்டரோடு சண்டை போட்ட கதை. இருமல், இழுவை, கடைசியில் கையை உதறுவது எல்லாம் அப்படியே. பையன் உருண்டு சிரித்தான். அத்தையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“எல்லாஞ் சரிதான். ஆனா அப்பா ‘செத்த இரு’ன்னு சொல்ல மாட்டாருடா. ‘செத்தப் பொறு’ம்பாரு.”

சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த இடத்தில் இருந்து மறுபடி சொன்னார்.