சுமை வண்டியின் சுகம்

சுமை ஏற்றுவதற்கென்றே ஒரு பிக்கப் வண்டியை வாங்கப் போகிறவர், அதில் உட்கார்ந்து செல்வது சுகமாக இருக்குமா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது தகுமா தகாதா என்பது, வியாபாரிகள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் சில்லறை விஷயமாகத் தோன்றினாலும், சற்று ஆழ்ந்து விசாரித்தால், சரீர சுகத்தை நாடுவது எந்த அளவில் போகம், எந்த அளவில் தர்மம் என்ற பழைய கேள்வியின் வாயிலிலேயே நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. நூல் மூட்டையும் பாவு சுற்றிய பீமும் நெய்து முடித்த துணியும் ஓயாமல் ஏறி இறங்குகிற ஜலகண்டாபுரம் போன்ற தறி ஊரில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. தினந்தோறும் ஒருவருடைய இடுப்பிலும் முதுகிலும் எழுதப்படுவது.

மோட்டார் வாராத காலத்தில் இந்தக் கேள்வி எழுவதற்கே இடமில்லாமல் இருந்தது. சுமைக்குப் பாரவண்டி என்றும், வசதி படைத்த குடும்பத்தார் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போவதற்கு வில்வண்டி என்றும் உலகம் இரண்டாகப் பிரிந்திருந்தது. அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே எஃகுப் பட்டைகள் வைத்த வில்வண்டியில் ஏறியவர்கள் அதிகம் குலுங்காமல் போனார்கள். அச்சின்மேல் நேராகவே அமர்ந்திருந்த பாரவண்டியில், மூட்டையோடு மூட்டையாக வண்டிக்காரர் போனார். சுகத்தை ஒரு வண்டியிலும் உழைப்பை வேறொரு வண்டியிலும் வைத்துவிட்டதனால், உழைப்பவருக்கும் முதுகெலும்பு உண்டு என்ற நினைவே பலருக்கும் எழாமல் போயிற்று. பிக்கப் வண்டி செய்த பெரிய மாறுதல், அந்த இரண்டையும் ஒரே சட்டத்தின்மேல் ஏற்றிவிட்டதுதான். காலையில் ஈரோட்டுச் சந்தைக்கு ஜவுளி கொண்டுபோகிற அதே வண்டியின் முன் இருக்கையில் மாலையில் முதலாளியே ஏறி வருகிறார். அப்போதுதான் குலுக்கல் ஒரு பிரச்சினையாக அவருக்குத் தெரிகிறது.

குலுக்கலின் காரணம் மர்மமானதன்று. பொலிரோ பிக்கப்பானாலும் தோஸ்த் ஆனாலும், பாரம் தாங்கும் பின் அச்சுக்கு எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில்லையே வைக்கிறார்கள். ஒரு டன்னுக்கு மேற்பட்ட சுமைக்கென்று விறைப்பாகச் செய்த அந்த வில், வண்டி காலியாக இருக்கும்போது வளைய மறுக்கிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்புறம் தூக்கியெறியப்படுகிறது. வில்லின் விறைப்பு மாறாதிருக்க, அதன்மேல் அமரும் பாரம் நான்கு மடங்கானால் துள்ளலின் வேகம் பாதியாகக் குறையும் என்பது பௌதிக சாஸ்திரத்தின் எளிய கணக்கு. வினாடிக்கு ஒன்று, ஒன்றரை முறை ஏறி இறங்கும் அசைவை மனித உடம்பு பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், உட்கார்ந்திருப்பவரை மேலும் கீழுமாக வினாடிக்கு 4 முதல் 8 முறை உலுக்கும் அதிர்வே மிகவும் வருத்துவது என்பதை 1974-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 2631 என்னும் சர்வதேச அளவுகோல் வரையறுத்தது. அமெரிக்காவில் நம்முடையவற்றைவிட மிகப் பெரிய பிக்கப்புகளைச் செய்கிறவர்களுக்கும் இதே சங்கடம்தான். ராம் 2500 வண்டியின் பின்புறத்தில் 2014-ஆம் ஆண்டு மாதிரி முதல் பட்டைகளை நீக்கிச் சுருள் வில்லை வைத்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் தன் கனரகப் பிக்கப்புகளின் முன்சக்கரங்களைத் தனித்தனியே அசையவிட்டது. சுமையைத் தாங்கும் உறுதியையும் ஆளைத் தாங்கும் மென்மையையும் ஒன்றாகச் சேர்க்கும் முயற்சிகளே இவையெல்லாம்.

இந்தக் கணக்கில் சிந்தனைக்குரிய ஓர் உண்மை இருக்கிறது. பாரம் நீங்கினால் சுகம் வரும் என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். முதுமைக்கும் ஓய்வுக்கும் மோட்சத்துக்குங்கூட அந்த எண்ணத்தையே அடிப்படையாக வைத்துக்கொண்டிருக்கிறோம். சுமை வண்டியோ தனக்குரிய பாரத்தைப் பெற்ற பிறகுதான் அமைதியாக ஓடுகிறது. தன் சக்திக்கேற்ற கடமையைப் பெறாதவனின் மனம் சிறு விஷயங்களுக்கெல்லாம் துள்ளுவதை நாம் கண்டிருக்கிறோமல்லவா? ஆயினும், இதை ஓர் எல்லைக்கு மேல் இழுத்துச் செல்வதற்கு நான் உடன்படமாட்டேன். அளவுக்கு மீறி ஏற்றினால் பட்டைகள் தட்டையாகி, அச்சு அடிச்சட்டத்தில் மோதுகிறது. அதைத் தவிர்ப்பதற்காகப் பட்டறையில் கொடுத்து இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டுக்கொண்டால், காலியாகத் திரும்பும் வழியில் வண்டி முன்னிலும் கொடியதாகிறது. உரிய பாரம் என்ற சொற்றொடரில் ‘உரிய’ என்பதை விட்டுவிட்டுப் பாரத்தை மட்டும் புகழ்வது, பிறர் தலையில் ஏற்றுகிறவர்களுக்கு வசதியான தத்துவமாய் முடியும்.

உழைக்கிற வண்டிக்குச் சொகுசு எதற்கு என்று கேட்பவர்களின் வாதத்தை இங்கேதான் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. உடம்பின் சுகத்தைப் பெரிதாக எண்ணாதே என்பது பெரியோர் உபதேசமல்லவா என்று அவர்கள் கேட்கக்கூடும். உபதேசம் உண்மையே. ஆனால் அது யாருக்குச் சொல்லப்பட்டது? கடோபநிஷத்து ஆன்மாவைத் தேரில் அமர்ந்திருக்கும் தலைவனாகவும், சரீரத்தைத் தேராகவும், புத்தியைச் சாரதியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும் உருவகம் செய்கிறது. அந்தத் தேரில் தலைவனும் சாரதியும் சேர்ந்தே பயணம் செய்கிறார்கள். சாரதியைக் குலுக்கும் பள்ளம் தலைவனையும் குலுக்கியே தீரும். நம் ஊர் வண்டியிலோ தலைவர் வீட்டிலிருக்க, சாரதி மட்டும் எடப்பாடிப் பாதையில் போய்க்கொண்டிருக்கிறார். ஒருவருடைய சிக்கனத்தை இன்னொருவருடைய எலும்பு அனுபவிக்கிறது. பகவத்கீதையின் 17-ஆம் அத்தியாயம் தவத்தை மூவகையாகப் பிரித்து, மூடப்பிடிவாதத்தால் தன்னை வருத்திக்கொண்டோ பிறருக்குக் கேடு செய்யும்பொருட்டோ இயற்றப்படும் தவத்தைத் தாமசம் என்று ஒதுக்குகிறது. ஓட்டுநரின் முதுகை மறந்து மலிவான வண்டியைத் தேர்ந்தெடுப்பவர் கேடு செய்ய வேண்டுமென்று நினைப்பதில்லைதான். ஆனால் அவர் தம் செயலுக்கு எளிமை என்றும் தவம் என்றும் பெயர் சூட்டிக்கொள்வதற்குச் சாஸ்திரத்தில் இடமில்லை.

சமண முனிவர்களின் வழக்கம் இவ்விஷயத்தில் எனக்கு மிகவும் தெளிவான வழிகாட்டியாகத் தோன்றுகிறது. அவர்கள் வாகனம் ஏறுவதில்லை. வெறுங்காலுடன் நடந்தே ஊர் விட்டு ஊர் செல்கிறார்கள். வாகனத்தின் சுகத்தை அவர்கள் துறந்ததன் மேன்மை, அதைத் தங்கள் பாதங்களால் துறந்ததில் இருக்கிறது. தான் துறப்பது துறவு. பிறரைத் துறக்கச் செய்வது ஹிம்சை. இதற்கு மறுதலையான காட்சியும் சரித்திரத்தில் உண்டு. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றதற்கு மூலகாரணம், தம் மகனின் மூன்று சக்கரச் சைக்கிள் கல்பாவிய தெருக்களில் குலுங்குவதைக் காணச் சகியாத தகப்பனின் மனமே. இன்று கோடானுகோடி மக்களைத் தாங்கிச் செல்லும் சௌகரியம் ஆடம்பர ஆசையிலிருந்து பிறந்ததன்று, காருண்யத்திலிருந்து பிறந்தது என்பதை எண்ணும்போது, சுகம் என்ற சொல்லைக் கேட்டவுடனே முகம் சுளிக்கும் நம் பழக்கம் மறுபரிசீலனைக்குரியதாகிறது.

ஆகையால் ஒப்பிட்டுப் பார்ப்பது குற்றமன்று. எப்படிப் பார்க்கிறோம் என்பதே முக்கியம். விற்பனைக் கூடத்தின் வாசலிலிருந்து புது வண்டியைக் காலியாக எடுத்துக்கொண்டு, வழவழப்பான சாலையில் முதலாளியே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவது பரீட்சையாகாது. நாள்தோறும் ஓட்டப் போகிறவரிடம் சாவியைக் கொடுத்து, வழக்கமான சுமையை ஏற்றி, தாரமங்கலம் வழியாகச் சேலம் வரை போய், சுமையை இறக்கிவிட்டுக் காலியாகவே திரும்பி வரச் சொல்ல வேண்டும். அவருடைய வாழ்க்கையில் ஒரு பாதி அந்தக் காலி வண்டியில்தான் கழிகிறது. நாமக்கல் முட்டை வியாபாரிகள், 30 முட்டை கொள்ளும் அட்டைகளை அடுக்கிக்கொண்டு போகும்போது பள்ளத்துக்குப் பள்ளம் பார்த்து ஓட்டச் சொல்கிறார்கள். அட்டைகள் காலியாகத் திரும்பும்போதும் ஓட்டுநர் அதே இருக்கையில்தான் இருக்கிறார். டயரின் காற்றைப் பாரத்துக்கேற்பக் கூட்டிக் குறைத்தும், ஷாக் அப்சார்பர் தேய்ந்தவுடன் மாற்றியும், இருக்கையின் பஞ்சு அமுங்கிப்போனால் புதுப்பித்தும் கொடுப்பது, வாங்கிய பிறகும் தொடர வேண்டிய கடமை. இவற்றுக்கு ஆகும் பணத்தைச் சொகுசுச் செலவில் எழுதாமல் கூலிக் கணக்கோடு சேர்த்து எழுதுகிற முதலாளியே நியாயமான கணக்கு எழுதுகிறவர்.

இத்தனை நேரமும் முன் இருக்கையைப் பற்றியே பேசிவந்தேன். சட்டம் தடுத்திருந்தும், ஏற்றி இறக்கும் தொழிலாளி பல ஊர்களில் இன்னும் பின்புறத்தில் மூட்டைகளின்மேல் உட்கார்ந்தே வருகிறார். எந்த வில்லும் எந்தச் சுருளும் அவருக்குச் சுகத்தையோ பாதுகாப்பையோ தரப் போவதில்லை. இரண்டு வண்டிகள் விலையிலும் பாரத்திலும் ஒத்திருந்து, ஒன்றின் கேபினில் அவருக்கும் சேர்த்து இடமிருக்குமானால், பின்பெட்டி அரை அடி குறைந்தாலும் அந்த வண்டியையே வாங்க வேண்டும் என்பது என் துணிபு.