சேர்த்துச் செய்யலாமா?

பித்தப்பையில் வலி தரும் கற்கள், சினைப்பையில் வளரும் கட்டி. ஒரே பெண்ணுக்கு இரண்டும் இருந்தால், தொப்புளில் போடும் ஒற்றைக் கீறல் வழியாகவே இரண்டு அறுவை சிகிச்சைகளையும் இன்று முடித்துவிடலாம். 1985இல் ஜெர்மனியில் அறுவை மருத்துவர் எரிக் மூஹே, சிறு துளை வழியே வயிற்றுக்குள் பார்க்கும் லேப்ராஸ்கோப் கொண்டு பித்தப்பையை அகற்றினார். 1997இல் இத்தாலியின் நவாரா குழுவினர் தொப்புள் கீறல் ஒன்றின் வழியாகவே அதைச் செய்ததைப் பதிவுசெய்தனர். பித்தப்பை கல்லீரலுக்கு அடியிலும் சினைப்பை இடுப்புக்குழியிலும் இருக்கின்றன, தொப்புளோ நடுவில். கேமராவை மேலே திருப்பினால் ஒன்று, கீழே திருப்பினால் மற்றது. வழக்கமான முறையில் பித்தப்பைக்கே நான்கு துளைகள். கீழே வேலை செய்ய மேலும் சில தேவைப்படலாம். உடலமைப்பே இந்த யோசனைக்கு இடம் தருகிறது.

ஆனால் இதில் பெரிய நன்மை தழும்பு குறைவது என்று நினைத்துவிடுகிறோம். ஒரே மயக்க மருந்து, ஒரே மருத்துவமனை வாசம், ஒரே ஓய்வுக்காலம் ஆகியவைதான் பெரிய நன்மை. தினக்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு இரண்டாவது முறை படுக்க நேர்வது வருமானத்தையே குலைக்கும். இந்த நன்மை இரண்டைச் சேர்த்துச் செய்வதால் வருகிறது. துளைகள் சில கூடினாலும் அது குறையாது.

"உள்ளே போனதுதான் போனோம், அதையும் எடுத்துவிடலாமே" என்ற வாதம் இங்கே எளிதாக நுழையும். அதை ஏற்க முடியாது. ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும் பித்தக்கற்கள் பெரும்பாலோருக்குக் கடைசிவரை தொல்லை தருவதில்லை. அவற்றுக்குப் பொதுவாக அறுவை தேவையில்லை. இரண்டுமே தேவையானாலும் சேர்ப்பது கேடாகலாம்: சீழ்பிடித்த குடல்வாலை எடுக்கும்போதே குடலிறக்கத்துக்கு வலை பொருத்தினால், வலையில் கிருமி தொற்றும் ஆபத்து உண்டு. ஆகவே, தனித்தனியாகப் பார்த்தாலும் அவசியமான, ஒன்றால் மற்றதற்குக் கேடு வராத இரண்டை மட்டுமே சேர்க்க வேண்டும்.

ஒற்றைக் கீறலுக்கும் விலை உண்டு. கருவிகள் ஒரே வாசலில் நுழைவதால் உள்ளே ஒன்றோடொன்று இடிக்கும்; எதிரெதிர்க் கோணங்களில் திசுவை இழுத்துப் பிடிப்பது கடினம். பித்தப்பைக்குள் செல்லும் இரண்டு குழாய்களைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்காமல் எதையும் வெட்டக் கூடாது என்பது 1995இல் அறுவை மருத்துவர் ஸ்ட்ராஸ்பெர்க் வலியுறுத்திய நெறி. காட்சி தெளிவில்லாவிட்டால் பித்தநாளம் காயப்படலாம். அந்தச் சேதம் வாழ்நாள் துன்பமாகலாம். 200 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் கீறல் வழியே குடலிறக்கம் வந்தவர்கள் ஒற்றைக் கீறலில் 8.4 சதவீதம், நான்கு துளைகளில் 1.2 சதவீதம். அந்த ஆய்வு பித்தப்பைக்கு மட்டுமானது. இரண்டு அறுவைகளைச் சேர்க்கும்போது மிச்சமாகும் துளைகள் அதிகம் என்று பதில் சொல்லலாம். நியாயம்தான். ஆனாலும் தொப்புளில் உள்ள தசைப்படலத்தைப் பெரிதாகத் திறப்பதும், அறுவை நேரம் நீள்வதும் மாறுவதில்லை.

எனவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் மருத்துவரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இரண்டு நோய்களில் எந்த ஒன்று மட்டும் இருந்திருந்தாலும் அறுவை செய்யச் சொல்லியிருப்பீர்களா? நடுவில் சிக்கல் என்றால் தயங்காமல் இன்னொரு துளை போடுவீர்களா? இரண்டுக்கும் ஆம் என்பவரிடம் நம்பி உடலை ஒப்படைக்கலாம். கூடுதலாக ஒரு துளை போடுவது தோல்வி ஆகாது. தழும்பைவிட உயிரைப் பெரிதாக மதிப்பதன் அடையாளம் அது.