விரதத்தின் மாதமும் மழையின் மாதமும்

ஆஷாட மாத வளர்பிறை ஏகாதசி முதல் கார்த்திக மாத வளர்பிறை ஏகாதசி வரை, திருமால் அறிதுயில் கொள்வதாகக் கருதப்படும் நான்கு மாதங்கள் சாதுர்மாஸ்யம். இக்காலத்துக்குரிய உணவு விரதத்தை, மத்வாசாரியரைப் பின்பற்றும் வைணவர்களான மாத்வர்கள் பலர் இன்றும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். முதல் மாதம் காய்கறியும் கீரையும் கூடாது. இரண்டாம் மாதம் தயிர், மூன்றாம் மாதம் பால், நான்காம் மாதம் இரண்டாகப் பிளக்கும் பருப்பு வகைகள். ஒரு வீட்டின் அடுப்படி நான்கு முறை தன்னை மாற்றிக்கொள்கிறது. முதல் மாதத்தில் புளி, கடுகு, மிளகாய், கொத்தமல்லி எல்லாம் பரண் ஏறிவிடும். மிளகும் சீரகமும் காரத்தைத் தரும், புளிப்புக்கு மாங்காய். காய் இல்லாத பாசிப்பருப்புக் கூட்டே அன்றாடக் குழம்பாகிவிடும். கடைசி மாதத்தில் நிலைமை தலைகீழ்: சில காய்கள் உண்டு, பருப்பு இல்லை, ஆகவே சாம்பாரும் இல்லை.

இது மருத்துவமா, வழிபாடா? மழைக்காலத்தில் கீரையில் பூச்சி சேரும், செரிமானம் மந்தமாகும், அதனால் முன்னோர் மதத்தின் பெயரால் பத்தியம் வகுத்தார்கள் என்பது பரவலான விளக்கம். அதற்கு அடிப்படை உண்டு. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் 6ஆம் அத்தியாயம் பருவந்தோறும் உண்ணும் முறையைச் சொல்கிறது: வாதம் மழையில் சீறும், அப்போது வயிற்றுத் தீ தணிந்திருக்கும், முன்பனியில் அது வலுத்திருக்கும், அதனால் நெய்ப்பும் கனமும் உள்ள உணவு தகும்.

ஆனால் இந்த விளக்கம் தமிழ்நாட்டில் இடறுகிறது. தென்மேற்குப் பருவமழையின்போது தமிழகத்தின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் கிடக்கிறது. ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. கும்பகோணத்து மாத்வர் வீட்டில் கீரையை விலக்கும் நாட்களில் வெளியே வறண்ட ஆடிக்காற்று வீசும். அடைமழை பிடிக்கும் ஐப்பசியில் நடப்பது பெரும்பாலும் பருப்பை விலக்கும் மாதம்; கீரையை விலக்கும் மாதம் அதற்கு வெகு முன்பே முடிந்திருக்கும். உடல்நலம் மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், தெற்கே வந்த விரதம் மழையோடு சேர்ந்து மாதம் மாறியிருக்க வேண்டும். அது மாறவில்லை.

மாறியது வீட்டுச் சமையல். ஐப்பசியில், மழை தொடங்கும் தறுவாயில், தீபாவளி லேகியம் கிளறுகிறார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் ஆகியவற்றை வறுத்துப் பொடித்து வெல்லப்பாகில் இட்டு, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டுவார்கள். எண்ணெய் பிரிந்து, லேகியம் கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வருவதுதான் பதம். எண்ணெய்க் குளியலுக்கும் பலகாரத்துக்கும் நடுவே ஒரு நெல்லிக்காய் அளவு. மார்கழி விடியலில் மிளகும் நெய்யும் மணக்கும் வெண்பொங்கல், சித்திரைப் பிறப்பில் அப்போது பூத்திருக்கும் வேப்பம்பூவும் மாங்காயும் சேர்ந்த பச்சடி, வெயில் ஏறும் ராமநவமியில் பானகமும் நீர்மோரும். இவை இந்த மண்ணின் வெயிலையும் மழையையும் கேட்டு நடப்பவை. இறைவனுக்குப் படைத்தபின் உண்ணப்படுவதால் இவற்றில் மருந்தும் வழிபாடும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன.

சாதுர்மாஸ்யத்தின் இயல்பு வேறு. அது எந்த உணவையும் தாழ்த்துவதில்லை. கீதையின் 17ஆம் அத்தியாயம் உணவைச் சாத்விகம், ராஜசம், தாமசம் என்று குணத்தால் தரம் பிரிக்கிறது. இந்த விரதமோ சாத்விகத்தின் உச்சியில் வைக்கப்படும் பாலையே ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொல்கிறது. முதல் மாதம் உயிர்காத்த பாசிப்பருப்பைக் கடைசி மாதம் தொடக்கூடாது. விலக்கப்படுவது பொருளின் குற்றமல்ல, அதன்மேல் நாக்கு வைத்திருக்கும் உரிமை. பழகியது கைவிட்டுப் போகும், திரும்பி வரும், அடுத்தது போகும். இந்தப் பயிற்சியைப் பூச்சிக் கணக்காகச் சுருக்குவது விரதத்தை மிகவும் மலிவாக்கிவிடுகிறது.

விதிவிலக்குகளும் இதையே காட்டுகின்றன. நோயாளி, குழந்தை, முதியவர் ஆகியோரை விரதம் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. பத்தியம் முதலில் தேடிப்போவது நோயாளியைத்தான். விரதம் முதலில் விடுவிப்பதும் அவரைத்தான். அதனால் விரதம் நடக்கும் வீட்டில் பால் விலக்கிய மாதத்திலும் குழந்தைக்குப் பால் காயும். பருப்பு விலக்கிய மாதத்திலும் நோயாளிக்குத் தனிப் பாத்திரத்தில் பருப்புக் கஞ்சி வேகும். அதனால் மற்றவர்களின் விரதம் குறைவுபடுவதில்லை.