கைங்கர்யபரர்களைக் காப்பதும் கைங்கர்யமே

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



திருவீதியில் எம்பெருமான் எழுந்தருளும்போது நம்முடைய கண்கள் அவனுடைய திருமுக மண்டலத்திலேயே பதிந்து விடுகின்றன. அது தகுதியே. ஆயினும் அவனுடைய திருக்கண்கள் எங்கே நோக்குகின்றன என்று ஒரு கணம் சிந்திப்போமாக. வாஹனத்தின் கீழே தோள் காய்த்து நிற்கும் ஸ்ரீபாதந்தாங்கிகள், வெயிலிலும் மழையிலும் குடை பிடிப்பவர், தீவட்டி ஏந்துபவர், நாம் வருமுன்பே எழுந்து வீதியைப் பெருக்கி நீர் தெளித்தவர், மடைப்பள்ளியின் புகையில் கண் சிவந்து நிற்கும் பரிசாரகர், இரவெல்லாம் விழித்துக் கணக்கெழுதும் குமாஸ்தா, நம் பாதரக்ஷைகளைக் காத்து நிற்கும் முதியவர் ஆகிய இவர்கள் அனைவரும் அந்தக் கடாக்ஷத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கிறார்கள். நம்முடைய பார்வையில்தான் இவர்கள் படுவதில்லை.

கோயிலில் மட்டுமன்று. வேதபாடசாலை, அன்னதான ஸபை, கோசாலை, தர்ம வைத்தியசாலை, அநாதைக் குழந்தைகளின் விடுதி என்று லாபத்தைக் கருதாமல் நடைபெறும் ஸ்தாபனங்கள் யாவற்றிலும் இத்தகைய பணியாளர்கள் இருக்கிறார்கள். இவர்களைப் பேணி நடத்தும் முறை யாது என்பதே இன்று அடியேன் விண்ணப்பம் செய்ய விரும்பும் விஷயம். உத்ஸவ மலரில் இதற்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். சக்கரவர்த்தித் திருமகனே இதைப் பற்றிப் பேசியிருக்கிறான் என்பதை முதலில் நினைவூட்டுகிறேன்.

சித்திரகூடத்தில் பரதாழ்வான் கண்ணீரும் கம்பலையுமாக வந்து திருவடிகளில் விழுகிறான். அவனை வாரி எடுத்து அருகில் அமர்த்திக்கொண்டு இராமபிரான் ராஜ்யத்தின் நலனை ஒவ்வொன்றாக விசாரிப்பதை ஸ்ரீவால்மீகி பகவான் அயோத்யா காண்டத்தில் விரிவாக வர்ணிக்கிறார். அந்த விசாரணையின் நடுவே ஒரு கேள்வி வருகிறது. படைவீரர்களுக்கு உரிய உணவையும் ஊதியத்தையும் உரிய காலத்தில் காலதாமதமின்றி அளித்து வருகிறாயா என்று கேட்கிறான். அதோடு நிறுத்தாமல், காலம் தவறினால் பணியாளர்கள் தலைவன் மேல் சினங்கொள்வார்கள், அவர்கள் மனம் கெடும், அதனால் விளைவது பெரிய அனர்த்தம் என்று காரணத்தையும் கூறுகிறான். மரவுரி தரித்து, ராஜ்யத்தைத் துறந்து, தந்தையைப் பிரிந்து வனத்தில் நிற்கிற வேளையிலும், கூலி பெறுகிறவனுடைய அடுப்பு எரிகிறதா என்ற கவலை அந்தத் திருவுள்ளத்தை விட்டு அகலவில்லை. எவ்வளவு தருவது என்பதோடு எப்போது தருவது என்பதையும் அவன் கேட்டான் என்பது கவனிக்கத்தக்கது.

இந்த வார்த்தையை நம் முன்னோர் ஏட்டோடு விட்டுவிடவில்லை. காஞ்சீபுர மாவட்டத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், திருமுக்கூடல் என்னும் திவ்ய ஸ்தலம் இருக்கிறது. அங்கே வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063-1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அக்கோயிலைச் சார்ந்து வேதமும் வியாகரணமும் கற்பிக்கும் கல்விச்சாலையும், மாணவர் விடுதியும், வீரசோழன் என்ற பெயருடைய ஆதுலசாலையும் நடந்து வந்தன. ஆதுலசாலை என்பது வைத்தியசாலை. அதில் 15 படுக்கைகள். அங்கே சிகிச்சை பெற்றவர்கள் யார்? அங்குப் பயின்ற மாணவர்களும், அந்தக் கோயிலில் பணி செய்தவர்களுமே! எம்பெருமானுக்குத் தொண்டு செய்கிறவன் நோயுற்றால் அவனை எம்பெருமானுடைய ஸொத்திலிருந்தே காப்பாற்ற வேண்டும் என்பது 900 ஆண்டுகளுக்கு முன்பே ஏற்பாடாகி இருந்தது.

இன்னும் ஒன்று. அந்த வைத்தியருக்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், நிலமும் உண்டு என்று கல்லிலே வெட்டியிருக்கிறார்கள். சல்லியக்கிரியை, அதாவது அறுவைச் சிகிச்சை, செய்பவருக்கு 30 கலம் நெல். மருந்து கொணர்பவர்கள், நோயாளிகளைப் பேணும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொணர்பவர் என்று ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று வரையறுத்திருக்கிறார்கள். தண்ணீர்க் குடம் சுமப்பவன் வாயால் கேட்டு, பல்லிளித்துப் பெற வேண்டியதில்லை. அவனுடைய பங்கு வைத்தியருடைய பங்கைப் போலவே எல்லாரும் படிக்கும்படி கோயில் சுவரில் இருந்தது. எழுதி வைத்த கூலியில் தாழ்ச்சி இல்லை. எழுதாமல், தருகிறவருடைய மனநிலைக்கு விடப்பட்ட கூலியில்தான் தாழ்ச்சி இருக்கிறது.

இதைச் சொல்லும் அடியேன் குற்றமற்றவன் அல்லேன். நெஞ்சில் முள்ளாக இருப்பதை இங்கே விண்ணப்பம் செய்துவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறிய ததீயாராதன ஸபைக்கு அடியேன் காரியதரிசியாக இருந்தேன். அந்த வருஷத்து உத்ஸவத்தைச் சிறப்பாக நடத்த வேண்டும் என்ற ஆவலில் பெரிய பந்தல், மின்விளக்கு அலங்காரம், இருவண்ணத்தில் அச்சிட்ட பத்திரிகை என்று செலவுகளை வளர்த்துக்கொண்டே போனேன். எங்கள் ஸ்வயம்பாகிக்கு இரண்டு மாதச் சம்பளம் நின்றுவிட்டது. அவர் ஒரு நாளும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காததனால் அவருக்குக் குறை இல்லை என்று எண்ணிக்கொண்டேன். “பெருமாள் காரியம், சற்றுப் பொறுத்துக்கொள்ளும்” என்று ஒரு முறை அடியேனே முந்திக்கொண்டு சொன்னதும் நினைவிருக்கிறது.

கருட ஸேவையன்று விடியற்காலை மடைப்பள்ளி அடுப்பு மூட்டப்படவில்லை. கோபத்தோடு அவருடைய அகத்துக்கு ஆள் அனுப்பினேன். முதல் நாள் இரவே பக்கத்து ஊரில் ஒரு கல்யாணத்துக்குச் சமையல் வேலைக்குப் போய்விட்டார் என்று தெரிந்தது. அன்று எப்படியோ சமாளித்தோம். மறுநாள் அவரே வந்து தண்டன் ஸமர்ப்பித்தார்.

“ஸ்வாமி, அடியேன் செய்தது அபசாரந்தான். க்ஷமிக்க வேணும். பெருமாள் பசி பொறுப்பார் என்று தெரியும். அகத்தில் குழந்தைகள் பொறுக்கவில்லை.”

அவர் அழவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. தம்மையே குற்றவாளியாக்கிக்கொண்டு நின்றார். ஆயிரம் பேருக்கு அன்னமிட்ட கைகள் அவருடையவை. அந்தக் கைகளை உடையவருடைய அகத்தில் அன்னம் இல்லை. அந்தப் பாவத்தின் மேல்தான் அடியேன் பந்தல் போட்டிருந்தேன். அன்று மாலைக்குள் கடன் வாங்கி அவருடைய பாக்கியைத் தீர்த்தேன். ஆனால் அவர் அபசாரம் என்று தம்மேல் ஏற்றுக்கொண்ட சொல் யாருக்கு உரியது என்பதை அடியேன் அறிவேன்.

இங்கே நாம் தெளிந்துகொள்ள வேண்டிய ஸாரம் ஒன்று உண்டு. கைங்கர்யம் என்பது பணி செய்கிறவன் எம்பெருமானுக்கு ஸமர்ப்பிப்பது. ஊதியம் என்பது ஸ்தாபனத்தை நிர்வஹிப்பவர்கள் பணி செய்கிறவனுக்குச் செலுத்த வேண்டிய கடன். முன்னது அவனுடைய உள்ளத்துக்கும் எம்பெருமானுக்கும் இடையில் உள்ளது. அதை நாம் எடுத்துச் செலவழிக்க முடியாது. அவனுடைய பக்தியைக் காட்டி நம்முடைய கடனைக் கழித்துக்கொள்வது, பிறர் ஸமர்ப்பித்த புஷ்பத்தைத் திருடித் தன் பெயரால் அர்ச்சனை செய்வது போன்றதாகும். “இது தர்ம காரியம்” என்ற சொல் தர்மகர்த்தாவைக் கட்டுப்படுத்த வேண்டிய சொல். அதைப் பரிசாரகனுடைய வாயை அடைக்கப் பயன்படுத்தலாகாது.

ஊதியம் மட்டும் ஒழுங்காகக் கொடுத்தால் போதுமா என்றால், போதாது. நம் உடையவர் நிர்வஹித்த முறையைப் பாருங்கள். அவர் ஸ்ரீரங்கத்தில் பரிவாரங்களைப் பத்துக் கொத்தாக வகுத்து, இன்னார்க்கு இன்ன கைங்கர்யம் என்று நியமித்தருளினார் என்று கோயிலொழுகு கூறும். தன் வேலை எது என்று தெரியாதவன், எல்லாருடைய ஏவலுக்கும் ஆளாகி, எல்லாருடைய ஏச்சுக்கும் இலக்காகிறான். வேலையை வரையறுத்துக் கொடுப்பது அவனுக்குச் செய்யும் முதல் மரியாதை.

பெரிய பெருமாளுடைய திருப்பரிவட்டங்களை வெளுக்கும் ஈரங்கொல்லி ஒருவர் இருந்தார். ஒரு நாள் மிகவும் நேர்த்தியாகத் தோய்த்து உலர்த்தி உடையவரிடம் கொண்டுவந்து காட்டினார். நன்று என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்வது உலக வழக்கம். உடையவர் அவ்வாறு செய்யவில்லை. அந்த மனிதரைத் தாமே ஸந்நிதிக்கு அழைத்துச் சென்று, இவர் செய்த கைங்கர்யத்தின் அழகைக் கண்டருள வேண்டும் என்று பெருமாளிடம் விண்ணப்பம் செய்தார். பெருமாளும் உகந்து, முன்பு கிருஷ்ணாவதாரத்தில் மதுராபுரியில் ஆடை தர மறுத்த ஈரங்கொல்லியின் பிழையை இவருக்காகப் பொறுத்தோம் என்று அருளினார் என்பது பெரியோர் வார்த்தை. நிர்வாஹி எனப்படுபவர் பிறருடைய உழைப்பைத் தம் பெயரில் மேலே கொண்டுபோகாமல், உழைத்தவரையே மேலே கொண்டுபோகிறவர். உத்ஸவ மலர்களில் உபயதாரர்களின் பெயர்கள் பல பக்கங்கள் வருகின்றன. திருவீதியைப் பெருக்கியவருடைய பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

பலர் கூடிப் பணி செய்யுமிடத்தில் பொறாமையும் எழும். காவேரியில் நீராடி மீளும்போது உடையவர் பிள்ளை உறங்காவில்லிதாஸருடைய கையைப் பற்றி எழுந்தருளுவதைக் கண்டு சில சிஷ்யர்கள் மனம் குமைந்தார்கள். உடையவர் அவர்களுக்கு அஞ்சித் தாஸரை விலக்கவில்லை. அவர்களைக் கோஷ்டியில் நிறுத்தி அவமானப்படுத்தவுமில்லை. இரவில் உலர்ந்துகொண்டிருந்த அவர்களுடைய வஸ்திரங்களில் சிறிது கிழித்து வைக்கச் செய்தார். காலையில் ஒருவரையொருவர் பழித்துப் பெருங்கலகம் செய்தார்கள். பிறகு தாஸருடைய தேவியார் பொன்னாச்சியார் உறங்கும்போது ஆபரணங்களைக் கழற்றி வரும்படி அவர்களையே அனுப்பினார். அந்த அம்மையாரோ விழித்திருந்தும், ஒரு புறத்து நகைகளைக் கழற்றியானதும் மறுபுறத்தையும் கொள்ளட்டும் என்று புரண்டு கொடுத்தார். கண்டவர்கள் அஞ்சி ஓடிவந்தார்கள். ஒரு துண்டுத் துணிக்காகக் கலகம் செய்த தங்களையும் அந்தத் தம்பதிகளையும் அவர்களே ஒப்பிட்டுப் பார்த்து நாணினார்கள். குற்றத்தைச் சுட்டுவதிலும், சுட்டப்படுகிறவன் மீண்டும் நம்மோடு கூடிப் பணி செய்ய வேண்டியவன் என்பதை மறவாமல் சுட்டியது ஆசார்ய ஹ்ருதயம்.

புகழ்ச்சியிலும் உலோபம் கூடாது. பிராட்டியைக் கண்டு திருவடி மீண்டு வந்தபோது, ஏவியதற்கு மேலும் செய்து முடிக்கிறவனே உத்தம ஸேவகன் என்று இராமபிரான் எல்லார் முன்னிலையிலும் கொண்டாடினான். இவனுக்குத் தகுந்த பரிசளிக்கத் தன்னிடம் ஒன்றுமில்லையே என்று வருந்தி, தன்னையே பரிசாகத் தருவதுபோல் தழுவிக்கொண்டான். கொடுக்கப் பொருளில்லாத நிலையிலும் அவன் கொடுக்காமல் இருக்கவில்லை. ஆனால் இதைக் கேட்ட நிர்வாஹிகள், தழுவினால் போதும், சம்பளம் வேண்டாம் என்று பொருள் கொள்ளலாகாது! பரதனிடம் ஊதியத்தைப் பற்றிக் கேட்டவனும் அவனே அன்றோ?

ஆகவே தர்ம ஸ்தாபனங்களை நடத்தும் பெரியோர்களிடம் அடியேன் வேண்டிக்கொள்வது இதுவே. உத்ஸவச் செலவுப் பட்டியலின் முதல் வரியில் பணியாளர் ஊதியத்தை எழுதுங்கள்; மின்விளக்கு பிறகு வரட்டும். ஊதியம் தரும் தேதியை நிச்சயித்து, அதை ஏகாதசியைப் போலத் தவறாமல் அநுஷ்டியுங்கள். வேலையையும் கூலியையும் விடுமுறையையும் காகிதத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள். வைப்பு நிதியும் பணிக்கொடையும் அவருடைய முதுமைக்காக நம்மிடம் இருக்கும் நிக்ஷேபம். அதில் கை வைக்கலாகாது. உத்ஸவ நாட்களில் இரவும் பகலும் உழைத்தவர்களுக்கு உத்ஸவம் முடிந்ததும் ஓய்வு கொடுங்கள். மாதம் ஒரு முறை அவர்களோடு உட்கார்ந்து குறை கேளுங்கள். கேளாதவனுக்குக் குறை இல்லை என்று எண்ணுவதே அடியேன் செய்த பிழை.

யாத்திரிகர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. உண்டியலில் காணிக்கை சேர்க்கும் நாம், ஒரு நாள் பூமாலைக்கு உபயம் செய்யும் நாம், ஒரு மாத மடைப்பள்ளிச் சம்பளத்துக்கும் உபயம் எழுதலாம். மாலை மறுநாள் வாடும். அந்த உபயத்தில் ஒரு குடும்பம் வாடாமல் இருக்கும். வரிசையில் நிற்கும்போது ஒழுங்குபடுத்தும் பணியாளரிடம் சீறி விழாமல் இருப்பதும் ஒரு கைங்கர்யமே.

இன்று பிரஸாதம் பெறுங்கால் அதை ஸமைத்த கைகளை ஒரு கணம் நினையுங்கள். அந்தக் கைகளுக்கு உரியது அவற்றைச் சேர்ந்ததா என்று நிர்வாஹிகளை விநயமாகக் கேளுங்கள். சித்திரகூடத்தில் இராமபிரான் கேட்ட கேள்வி அது. நாம் கேட்பதில் தவறொன்றுமில்லை.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.