யாருடைய விளைவை யார் சுமப்பது?

குடிகாரக் கணவர் குடியை விட்டுவிட்டார். அந்த வீட்டில் யார் அதிகம் சந்தோஷப்பட வேண்டும்? மனைவிதானே! அந்த மனைவியே, திருந்திய கணவர்மேல் ஷூவைத் தூக்கி வீசினால்?

கதையல்ல, நடந்தது. அமெரிக்காவில் 1935-ல் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பில் வில்சன். அவருடைய மனைவி லோயிஸ். 1918-ல் கல்யாணம். பில் கடைசியாகக் குடித்தது 1934 டிசம்பரில். நடுவில் அவர் குடியில் மூழ்கிக் கிடந்த வருஷங்களில், கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டியவர் லோயிஸ். கணவரைத் திருத்துவது ஒன்றே அவருக்கு வாழ்க்கை.

பில் திருந்தினார். கூட்டம், கூட்டம் என்று அலைந்தார். ஒருநாள் கூட்டத்துக்கு நேரமாகிறது, சீக்கிரம் கிளம்பு என்று மனைவியை அவசரப்படுத்த, பறந்து வந்தது ஷூ!

பிறகுதான் லோயிஸுக்கே உறைத்தது. இத்தனை வருஷம் தான் உயிரைக் கொடுத்தும் நடக்காததை, யாரோ முன்பின் தெரியாதவர்கள் நடத்திக் காட்டிவிட்டார்களே என்ற ஆற்றாமை அது. கணவரின் குடி நின்றதும், காப்பாற்றுகிற வேலை இவர் கையைவிட்டுப் போய்விட்டது!

நம் வீடுகளுக்கு வருவோம். “அவருக்குக் காய்ச்சல் சார்” என்று ஆபீசுக்குப் போன் போடுவது யார்? வளையலை அடகு வைத்து அவர் வாங்கிய கடனை அடைப்பது யார்? பாட்டிலை ஒளித்து வைப்பது, சட்டைப் பையைத் துழாவுவது... குடிப்பது அவர், விளைவை விழுங்குவது நீங்கள். மனைவி மட்டுமல்ல, அம்மா, அண்ணன் யாராகவும் இருக்கலாம்.

இதைத்தான் ‘கோடிபென்டென்ஸி’ என்கிறார்கள். அவருக்குப் பாட்டில் இல்லாமல் முடியாது. உங்களுக்கு அவரைக் காப்பாற்றாமல் முடியாது.

அவசரப்பட்டு, ‘அப்ப அவர் குடிக்கிறதுக்குப் பொண்டாட்டிதான் காரணமா?’ என்று கேட்காதீர்கள். இல்லவே இல்லை. அந்தக் குடிக்கு நீங்கள் காரணமும் இல்லை, அதை அடக்கவும் உங்களால் ஆகாது, குணப்படுத்தவும் ஆகாது. 1951-ல் குடிநோயாளிகளின் குடும்பங்களுக்காக லோயிஸ் இன்னொரு பெண்மணியோடு சேர்ந்து தொடங்கிய ‘அல்-அனான்’ சொல்லித் தருவது இதைத்தான். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் ஆரம்பித்த சிகிச்சை மையத்திலும், நோயாளியோடு குடும்பத்துக்கும் சேர்த்தே ஆலோசனை. காயம் இரண்டு பக்கமும் இருக்கிறதே!

‘அதுக்காக அப்படியே விட்டுடறதா? அது கல்மனசு இல்லையா?’

நியாயமான கேள்வி. நடுரோட்டில் நினைவில்லாமல் கிடந்தால் தூக்குங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸை அவர் கையில் சிக்காமல் பத்திரப்படுத்துங்கள். அடிக்கிறாரா, பொறுமை காட்ட வேண்டாம். முதலில் நீங்களும் பிள்ளைகளும் பத்திரமான இடத்துக்குப் போங்கள். ஆனால், மறுநாள் காலை மேனேஜருக்குச் சொல்ல வேண்டிய பதில் அவருடையது. அவர் உயிரைக் காப்பாற்றுங்கள், அவருடைய சாக்குப்போக்கைக் காப்பாற்றாதீர்கள்.

ஒருவர் செய்ததன் பலனை அவர் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டே இருந்தால், மாற வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? ‘கல்லானாலும் கணவன்’ என்று ஊர் உங்களை மெச்சலாம். அந்த மெச்சலும் ஒரு போதைதான்.

அவர் குடியை விட்ட பிறகும் பரீட்சை உண்டு. சம்பளக் கவரை இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்பார். பையனை ஸ்கூலில் விட்டுவருகிறேன் என்பார். நீங்கள் இன்னும் வாயை மோந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பட்டவர்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். நம்பிக்கை மெதுவாக வரட்டும். ஆனால், ஒவ்வொரு பொறுப்பாக அவரிடம் திரும்பப் போக வேண்டும்.

நாளைக் காலை அவர் ஆபீசிலிருந்து அழைப்பு வந்தால், போனை அவரிடமே நீட்டுங்கள். கை நடுங்கும். நடுங்கட்டும்.