ஒருவன் குற்றமும் ஒரு குலத்தின் குற்றமும்

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி மகுல் மடுவத்தில் வாசிக்கப்பட்ட உடன்படிக்கையை நம்மில் பலர் பாடசாலைச் சரித்திரத்தில் மனனம் செய்த ஒரு திகதியாகவே அறிவோம். அதன் முதல் மூன்று பிரிவுகளை நிதானமாக வாசிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. முதற் பிரிவு ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடுமைகளைச் சொல்கிறது: விசாரணையற்ற சித்திரவதை, விசாரணையற்ற மரண தண்டனை. அந்தக் குற்றச்சாட்டு வெறும் கற்பனையல்ல. 1814இல் எஹலபொலையின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இழைக்கப்பட்டதை எந்த நியாயம் கொண்டும் மூடிவிட முடியாது. இரண்டாம் பிரிவு அவனைப் பதவி நீக்குகிறது. அதையும் ஏற்கலாம். ஆனால் அதே மூச்சில், முன்னோர், பின்னோர், பக்கவழி உறவினர் யாவரும் என்றென்றைக்கும் அரசுரிமை இழந்தார்கள் என்றும், 'மலபார்' இனத்தின் உரிமையே ஒழிந்தது என்றும் அது சொல்லிவிடுகிறது. மூன்றாம் பிரிவோ ஆண் உறவினரைப் பகைவராக்கி, கண்டிச் சீமைக்குள் கால்வைக்கக் கூடாதென விலக்குகிறது.

ஒருவன் செய்த பாவம் இரண்டு வாக்கியங்களுக்கிடையில் எப்படி ஒரு குலத்தின் பாவமாயிற்று?

அந்தக் குலம் கண்டியைப் படைகொண்டு பிடித்ததில்லை. மதுரையிலிருந்து பெண் எடுப்பது கண்டி மன்னரின் வழக்கமாயிருந்தது. சிங்களப் பிரபுகுலப் பெண்ணிடம் வீர நரேந்திரசிங்கனுக்கு உனம்புவே பண்டார என்றொரு மகன் இருந்தான். தாய் சத்திரிய குலத்தவளல்ல என்று அவனை ஒதுக்கிவிட்டு, 1739இல் அரசியின் சகோதரனை ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணையில் ஏற்றினார்கள். அவனுக்குப் பின் 1747இல் வந்த கீர்த்தி ஸ்ரீயும் அரசியின் சகோதரன்தான். தகப்பனுக்குப் பின் மகன் என்பதே இல்லாத வம்சம் இது. நான்கு மன்னர்கள், 76 ஆண்டுகள். கடைசி மன்னன் கண்ணுசாமியை 1798இல் தெரிவு செய்தவர் பிலிமத்தலாவை மகா அதிகாரம். அப்போது அவனது மலபார்ப் பிறப்பு யாருக்கும் உறுத்தவில்லை. சொல்லப்போனால், இளைஞன், துணையற்றவன், நம் சொற்படி நடப்பான் என்பதுதான் அவனிடம் காணப்பட்ட தகுதி. 'அந்நியன்' என்ற சொல் அவன் சொற்படி நடக்க மறுத்த பிறகே வலுப்பெற்றது.

உடன்படிக்கையை நிறைவேற்றிய தேசாதிபதி பிரவுன்றிக் யாருடைய பெயரால் அதைச் செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றாம் ஜோர்ஜின் பெயரால். அந்த மன்னனின் கொள்ளுப்பாட்டன் 1714இல் ஜேர்மனியின் ஹனோவரிலிருந்து வந்து இங்கிலாந்தின் முடியைச் சூடியவன். ஆங்கிலம் சரளமாக வராதவன். கண்டிக்கு நாயக்கர் வருவதற்கு 25 ஆண்டுகள் முந்திய கதை அது. ஓர் அந்நிய வம்சம் இன்னோர் அந்நிய வம்சத்தை 'அந்நியர்' என்று நீக்கியது. அதற்குச் சம்மதித்துக் கையொப்பமிட்ட பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்திலே ஒப்பமிட்டார்கள்!

இதற்கு நேர்மாறான ஒரு முன்னுதாரணம் அதே கண்டியில், அதே வம்சத்தில் இருக்கிறது. 1760இல் கீர்த்தி ஸ்ரீயைக் கொன்றுவிட்டு, சியாமிய இளவரசன் ஒருவனை அரசனாக்கச் சதி நடந்தது. சமனக்கொடி அதிகாரம் அதில் இருந்தார். மல்வத்தைப் பிக்குகள் சிலரும் இருந்தனர். மன்னன் திருநீறு பூசுவதை விடவில்லை என்பது அவர்களது குறைகளில் ஒன்று. சதியை மன்னனுக்கு அறிவித்தவர் கோபால முதலியார் என்ற முஸ்லிம். நம்மவர் இந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது அவரது விசுவாசத்தோடு நிறுத்திக்கொண்டு பெருமைப்படுவார்கள். எனக்கு அதைவிட அடுத்து நடந்ததுதான் பெரிது. சமனக்கொடி கொல்லப்பட்டார். 1753இல் சியாமிலிருந்து உபசம்பதாவை மீட்டெடுக்கக் காரணமான வெலிவிட்ட சரணங்கர தேரரும் சிறைவைக்கப்பட்டார், பின்னர் விடுவிக்கப்பட்டார். ஆனால் சங்கம் முழுவதன் மீதும் மன்னனின் கை விழவில்லை. விகாரைகளுக்கான கொடைகள் தொடர்ந்தன. தலதாவின் பெரஹரா இன்றைய உருவத்தை நெருங்கியதும் அவன் காலத்தில்தான். அரசியல் கணக்கென்று இதைச் சொல்வோர் உண்டு. இருக்கலாம். தன் உயிருக்கே குறிவைத்தவர்களை அவர்களது கூட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்கும் கணக்கு என்றால், அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

1815இல் ஒழிக்கப்பட்டதாகச் சொன்ன வம்சத்தைச் சனங்கள் அப்படி ஒழித்துவிடவுமில்லை. 1817இல் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தபோது, வில்பாவே என்ற முன்னாள் பிக்கு தன்னைத் துரைசாமி என்ற நாயக்க உறவினனாகச் சொல்லிக்கொண்டுதான் உரிமை கோரினான்.

இதெல்லாம் பழங்கதை என்று வைத்துவிட என்னால் முடியவில்லை. 2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் சில முஸ்லிம் இளைஞர்கள் ஒரு சிங்களச் சாரதியை அடித்தார்கள். மார்ச் தொடக்கத்தில் அவர் இறந்தார். செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டிய குற்றம் அது. அதைக் குறைத்துப் பேசுகிற நம்மவரோடு நான் உடன்படுவதில்லை. அதன் பின் நடந்ததைக் காட்டிச் சிங்களவர் எல்லோரையும் ஒரே வார்த்தையில் அடக்கிப் பேசுகிறவர்களோடும் உடன்படுவதில்லை. அவர்களும் முதலாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்குத் தாவுகிறவர்களே. சந்தேக நபர்கள் ஏற்கெனவே கைதாகியிருந்தனர். திகணையிலும் சுற்றூர்களிலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தது அதற்குப் பிறகு.