மறைந்திருக்கும் வெப்பம்

பல ஆண்டுகள் ஜபம் செய்தும் மனம் மாறவில்லையே என்று சாதகர்கள் தளர்வதுண்டு. சிலர் அத்துடன் ஜபமாலையைக் கீழே வைத்துவிடுகின்றனர். அவர்கள் அடுப்பில் கொதிக்கும் நீரைச் சற்று உற்றுநோக்கலாம்.

ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸுக்கு உயர்த்த ஏறத்தாழ 100 கலோரி வெப்பம் போதும். அந்நீர் முழுவதும் ஆவியாக மேலும் சுமார் 540 கலோரி வேண்டும். ஐந்து மடங்குக்கும் மேலான இவ்வெப்பம் உட்செல்லும் நேரம் முழுவதும் வெப்பமானி 100-ஐ விட்டு அசைவதே இல்லை! தீ வீணாகிறது என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையிலோ, மூலக்கூறுகளைப் பிணைத்து வைத்திருக்கும் ஈர்ப்பை வெல்வதில் அது செலவாகிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜோசப் பிளாக் கண்டறிந்த உள்ளுறை வெப்பம் இதுவே. 'தபஸ்' என்ற சொல்லின் வேர்ப்பொருளும் வெப்பம்தான். பற்றுகளை நெகிழ்த்தும் ஜபத்தின் வேலையும் வெளியே தெரிவதில்லை. அடுப்பை இடையில் அணைத்தாலோ, கொதி அடங்கி நீர் ஆறத் தொடங்கிவிடுகிறது.

உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜில் அத்தர் வடிப்போர் ரோஜா இதழ்களை நீருடன் செப்புப் பானையிலிட்டு, மெல்லிய தீயில் பொறுமையாகக் காய்ச்சுகின்றனர். ஆவி மூங்கில் குழாய் வழியே, குளிர்நீரில் அமர்த்திய மற்றொரு செப்புக் கலத்தை அடைகிறது. அங்குள்ள சந்தன எண்ணெயில் மணத்தைச் சேர்த்துவிட்டுத் தண்ணீராகிறது. அப்போது கலத்தைச் சுற்றியுள்ள நீர் சூடேறுவதால், அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வெப்பமானிக்குத் தெரியாமல் உள்ளே சென்ற வெப்பமே அது.